பழ மரத்தின் கையிருப்பு: பருவத்துக்குப் பருவம் மாவுச்சத்து ஏறி இறங்குவதை அறிந்து பராமரிக்க முழுமையான வழிகாட்டி

இலை உதிர்க்கும் பழ மரம் வருடத்தில் எப்போது அதிகப் பசியோடு நிற்கும் என்று கேட்டால், பலரும் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தைச் சொல்வார்கள். ஆனால் இலை கொட்டி முடிக்கும் சமயத்தில்தான் அதன் வேரிலும் கட்டையிலும் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. பூத்துக் குலுங்கி, இளந்தளிர் விட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கிறதே, அந்தச் சில வாரங்களில்தான் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகிறது.

தோட்ட வேலைகளை மாதக் கணக்கில் திட்டமிடுவதைவிட இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத் திட்டமிடுவது பலன் தரும். உரம், கவாத்து (கிளை வெட்டுதல்), பிஞ்சு கழித்தல் (அதிகப்படிப் பிஞ்சை நீக்குதல்), அறுவடைத் தேதி எல்லாமே கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: மரம் இப்போது சேமிக்கிறதா, செலவழிக்கிறதா?

படி 1: எது, எங்கே சேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இலை ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு உடனே சுவாசத்தில் எரிகிறது. இன்னொரு பங்கு செல்லுலோஸாகவும் லிக்னினாகவும் மாறி மரத்தின் உடம்பாகிவிடுகிறது; அதை மரம் திரும்ப எடுத்துச் செலவழிக்க முடியாது. மீதி இருப்பதுதான் கையிருப்பு. அது கரையும் சர்க்கரையாகவோ, திடமான மாவுச்சத்தாகவோ இருக்கும்.

சர்க்கரை எல்லா மரத்திலும் ஒரே வகை இல்லை. பெரும்பாலான செடிகளில் பயணம் செய்வது சுக்ரோஸ். ஆப்பிள், பேரி, பீச், பிளம், செர்ரி ஆகிய ரோஜாக் குடும்பத்து மரங்களில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலுக்குத்தான் பெரிய பங்கு. ஆலிவில் மானிட்டால் உண்டு. அவகாடோ கொஞ்சம் விசித்திரம்: ஏழு கார்பன் கொண்ட மான்னோஹெப்டுலோஸ், பெர்சைட்டால் என்ற சர்க்கரைகளை வைத்திருக்கிறது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது இது முக்கியம். குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றை மட்டும் அளக்கிற ஆய்வகம் அவகாடோவின் கையிருப்பில் பெரும் பகுதியைத் தவறவிட்டுவிடும்.

சேமிப்பு இடம் என்று பார்த்தால், வேரில்தான் அடர்த்தி அதிகம். திராட்சை வேரில் இலையுதிர் காலத்தில் மாவுச்சத்து உலர் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. தண்டிலும் கிளையிலும் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஆரம்போல ஓடும் திசுக்களிலும், பட்டையின் உயிருள்ள பகுதியிலும் சேர்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, மா போன்ற பசுமைமாறா மரங்களில் இலையும் ஒரு சேமிப்பு இடம். ஆகவே பூக்கும் முன்பு அவற்றின் முதிர்ந்த இலைகள் பூச்சியாலோ காற்றாலோ போனால், இரட்டை நஷ்டம்: உற்பத்தியும் போகிறது, சேமிப்பும் போகிறது.

படி 2: உங்கள் மரத்தின் ஆண்டுச் சுழற்சியை வரையுங்கள்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களைக் குறித்து, உங்கள் மரம் எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, அறுவடைக்கு வருகிறது, இலை உதிர்க்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்மேல் கையிருப்புக் கோட்டைப் போடலாம்.

ஆப்பிள், பீச் போன்ற இலையுதிர் மரங்களில் கோடு இப்படிப் போகும். இலை உதிரும் சமயத்தில் மாவுச்சத்து உச்சம். கடும் குளிர் தொடங்கியதும், குறிப்பாக 0 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில், மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைகிறது. செல் சாறு அடர்த்தியாகி உறைவதைத் தாங்க இது உதவுகிறது. குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும்போது அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் மறுபடி மாவுச்சத்தாகிறது. பிறகு மொட்டு வீங்கத் தொடங்கியதும் கோடு சரிகிறது. பூ முடிந்து சில வாரங்கள் வரை சரிந்துகொண்டே போய் அடியைத் தொடுகிறது.

ஏன் இவ்வளவு தாமதமாக அடி? பாதாம், பீச், செர்ரி போன்றவை இலை வரும் முன்பே பூத்துவிடுகின்றன. பூவின் செலவு முழுவதும் போன வருடத்துச் சேமிப்பிலிருந்து வருகிறது. அப்புறம் இலை வந்தாலும், இளம் இலை முதலில் வாங்கித் தின்னும் பிள்ளைதான். முழு அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வளர்ந்த பிறகே ஓர் இலை தன் தேவை போக மிச்சத்தை வெளியே அனுப்பத் தொடங்குகிறது. அதுவரை பூ, பிஞ்சு, கொழுந்து, புது வேர் எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்து இழுக்கின்றன.

கோடை நடுவில் கோடு மெல்ல ஏறும். காய் நிறைய இருந்தால் ஏற்றம் சோம்பலாக இருக்கும். அறுவடை முடிந்ததும் வேகமெடுக்கும். கோடை தொடக்கத்திலேயே அறுவடையாகும் செர்ரிக்குச் சேமிக்க நீண்ட காலம் கிடைக்கிறது. இலையுதிர் காலத்தின் கடைசியில் அறுவடையாகும் ஆப்பிள் வகைகளுக்குச் சில வாரங்கள்தான். தாமத வகைகள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் பழக்கத்தில் எளிதாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திராட்சையில் அடிமட்டம் பூக்கும் சமயத்தை ஒட்டி வருகிறது. காய் நிறம் மாறும் கட்டத்திலிருந்து ஏறத் தொடங்கி அறுவடைக்குப் பிறகு நிறைகிறது.

பசுமைமாறா மரங்களின் கோட்டில் இவ்வளவு செங்குத்தான மேடு பள்ளம் இருக்காது. எலுமிச்சைக் குடும்பத்தில் குளிர் மாதங்களில் வளர்ச்சி நின்று இலை மட்டும் வேலை செய்வதால் சேமிப்பு ஏறும். துளிர், பூ, பிஞ்சு உதிரும் கட்டங்களில் இறங்கும். மா மரத்தில் ஒவ்வொரு கொழுந்துக் கட்டமும் ஒரு சிறு பள்ளம். கொழுந்து பச்சையாகி முற்றி, அடுத்த கொழுந்து வராமல் ஓய்ந்திருக்கும் காலம்தான் மேடு. கடைசிக் கொழுந்து தாமதமாக வந்தால், பூக்க வேண்டிய நேரத்தில் மரம் பள்ளத்தில் நிற்கும். அவகாடோவில் பூக்கும் முன் தண்டில் மாவுச்சத்து உச்சம் தொடுகிறது. முற்றிய காயை மரத்திலேயே நீண்ட நாள் விட்டுவைத்தால் மறு வருடக் காய்ப்பு குறைவதும் இதோடு சேர்ந்ததுதான்.

படி 3: அயோடின் வைத்து நேரில் பாருங்கள்

வரைந்த கோடு பொதுவானது. உங்கள் மரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க மலிவான வழி அயோடின். அது மாவுச்சத்தைத் தொட்டால் கருநீலமாகும்.

கரைசல் செய்ய, 8.8 கிராம் பொட்டாசியம் அயோடைடை சுமார் 30 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் 2.2 கிராம் அயோடினைப் போட்டு முழுதும் கரைந்த பிறகு நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். ஆப்பிள் முதிர்ச்சியைச் சோதிக்கப் பயன்படும் அதே கரைசல்தான் இது. வெளிச்சம் பட்டால் கெடும். கருமையான பாட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையுறை அவசியம். இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினை நீர் விட்டு இளக்கிப் பயன்படுத்தலாம்; ஓரளவு தெரியும்.

மாதிரி எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பென்சில் தடிமனில், போன பருவத்தில் வளர்ந்த கிளை ஒன்று. அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வேர்த் துண்டு ஒன்று. வேரை இலைவிரிவின் விளிம்புக்குக் கீழே, 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி எடுத்து, குழியை உடனே மூடிவிடுங்கள். குறைந்தது ஐந்து மரங்களிலாவது எடுத்தால்தான் ஒரு மரத்தின் தனிக்குணம் கணக்கைக் கெடுக்காது. நேரமும் ஒன்றாக இருக்கட்டும். இலையில் மாவுச்சத்து விடியலில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும்; கிளையில் இந்த ஆட்டம் குறைவு என்றாலும், எப்போதும் காலையிலேயே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

கூர்மையான பிளேடால் குறுக்கே மெல்லிய வில்லையாக வெட்டி, ஒரு சொட்டு விட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் ஆரக்கோடுகள் கருத்திருந்தால் நல்ல கையிருப்பு. விட்டுவிட்டுக் கருத்திருந்தால் சுமார். மஞ்சள் பழுப்பாகவே நின்றால் காலி. காலிக்கு 0, நிறைந்ததற்கு 4 என்று நீங்களே ஒரு மதிப்பெண் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு பொறி உண்டு. அயோடின் மாவுச்சத்தை மட்டுமே காட்டும், சர்க்கரையைக் காட்டாது. கடும் குளிரின் நடுவில் சோதித்தால் கிளை வெளிறித் தெரியலாம். மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருப்பதால் வந்த வெளிறல் அது, மரம் பட்டினியில் இல்லை. அதனால் இலையுதிர் மரத்துக்கு மூன்று சோதனைகள் போதும்: இலை பாதி உதிர்ந்ததும், மொட்டு வீங்கும் முன்பு, பிஞ்சு பிடித்து ஒரு மாதம் கழித்து. பசுமைமாறா மரத்துக்கு அறுவடை முடிந்ததும் ஒன்று, பூக்கும் காலத்துக்குச் சற்று முன் ஒன்று.

படி 4: எண்ணாக வேண்டுமென்றால் ஆய்வகம்

வெட்டிய பிறகும் கிளை உயிரோடு சுவாசித்து சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும். ஆகவே உடனே பனிக்கட்டிப் பெட்டியில் போட்டு, அன்றே நுண்ணலை அடுப்பில் ஒன்றரை நிமிடம் சூடாக்கி நொதிகளை நிறுத்திவிட்டு, 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் எடை மாறாத வரை உலர்த்தி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் சர்க்கரையை 80 சதவீத எத்தனாலில் பிரித்து, மிஞ்சிய மாவுச்சத்தை நொதியால் குளுக்கோஸாக உடைத்து அளப்பார்கள். ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால் எண்கள் வெகுவாக வேறுபடும். எனவே ஓர் ஆய்வகத்தைப் பிடித்தால் வருடக்கணக்கில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் கட்டுரையில் போட்ட எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் நடத்தும் கார்போஹைட்ரேட் (சர்க்கரையும் மாவுச்சத்தும்) கண்காணிப்புத் திட்டத்தில், பாதாம், பிஸ்தா, வால்நட் விவசாயிகள் கிளைத் துண்டுகளைத் தபாலில் அனுப்புகிறார்கள். எல்லாம் ஒரே இடத்தில் அளக்கப்படுவதால்தான் தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட முடிகிறது.

படி 5: பள்ளத்தில் நிற்கும்போது மரத்தைச் சீண்டாதீர்கள், சுமையை மட்டும் இறக்குங்கள்

பூ முடிந்து ஆறு வாரங்கள் வரை மரத்துக்குள் கடும் போட்டி. விதையுள்ள பிஞ்சும் கொழுந்தும் முதலில் இழுத்துக்கொள்ளும், வேர் கடைசியில் நிற்கும். சர்க்கரை போதாத பிஞ்சு உதிர்ந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வானத்தையும் பார்க்க வேண்டும். மேகமூட்டமான பகல், வெப்பமான இரவு என்று இரண்டு மூன்று நாள் சேர்ந்து வந்தால் வரவு குறைந்து செலவு கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆப்பிளில் பிஞ்சு 8 முதல் 15 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும்போது இப்படி அமைந்தால் உதிர்வு அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கார்போஹைட்ரேட் கணிப்பு முறை இதையே தினசரி வரவு செலவாகப் போட்டு, பிஞ்சு கழிக்கும் மருந்தை எந்த நாளில், எவ்வளவு தெளிப்பது என்று சொல்கிறது. பற்றாக்குறை நாட்களில் வழக்கமான அளவு மருந்தே அளவுக்கு மீறிக் கழித்துவிடும். மருந்து தெளிக்காதவர்களும் இந்த நாட்களைக் குறித்து வைத்தால், தானாக எவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

கையால் கழிப்பவர்கள் ஆப்பிளில் பூ முடிந்த 30 முதல் 40 நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு கழித்தால் மிஞ்சிய காய் பெருக்கும், ஆனால் அடுத்த வருடப் பூவுக்கு அவ்வளவாக உதவாது. காரணம், அடுத்த வருடப் பூமொட்டு தீர்மானமாவது இந்த வாரங்களில்தான். விதைகள் வெளியிடும் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதைத் தடுக்கிறது. ஒரு காய்க்கு 30 முதல் 40 இலை என்பது ஆப்பிளுக்கும் பீச்சுக்கும் பொதுவான அளவுகோல். அத்தனை இலையையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு கிளையில் எண்ணிப் பழகினால் கண் தானாகக் கற்றுக்கொள்ளும்.

படி 6: அறுவடை முடிந்ததும் தோட்டத்தைக் கைவிடாதீர்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காய் இறங்கியதும் தண்ணீரும் மருந்தும் நின்றுவிடுவது பல தோட்டங்களில் வழக்கம். சேமிப்புக் கதவு முழுதாகத் திறக்கும் நேரம் அதுதான். அப்போது வறட்சியாலோ, சிலந்திப் பூச்சியாலோ, இலைப்புள்ளி நோயாலோ இலை முன்கூட்டிக் கொட்டினால் அதன் விலை அடுத்த வருடம் பலவீனமான பூவாகவும் மோசமான காய்ப்பிடிப்பாகவும் தெரியும். அப்போது நாம் பூ நேரத்து மழையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே அறுவடைக்குப் பிறகும் மண் காயாமல் அளவாக நீர் விடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே தழைச்சத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள்; மரம் அதையும் சேர்த்துவைத்து வசந்தத்தில் எடுத்துக்கொள்ளும். அளவு மீறினால் புதுக் கொழுந்து கிளம்பி, சேமிக்க வேண்டியதைத் தின்றுவிடும், குளிரிலும் கருகும். ஸ்ட்ராபெரியிலும் இதே கதைதான்: இலையுதிர் காலத்தில் வேரிலும் தண்டுக்கட்டையிலும் மாவுச்சத்து சேர்ந்த பிறகு எடுத்த நாற்றுகள்தான் பூஜ்யத்துக்குக் கீழே 1.5 முதல் 2 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்தும் நட்டதும் துளிர்க்கின்றன. அவசரப்பட்டு எடுத்தவை கிடங்கிலேயே சோர்ந்துவிடும்.

தண்ணீர் தேங்குவதும் கையிருப்பைக் கரைக்கும். காற்று கிடைக்காத வேர் ஒரு மூலக்கூறு குளுக்கோஸை எரித்து 2 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) மட்டுமே பெறும். காற்றோடு எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 30. உயிரோடு இருக்கவே பல மடங்கு சர்க்கரை செலவாகிறது.

படி 7: கவாத்தைக் கோட்டோடு பொருத்துங்கள்

இலையுதிர் மரத்தை ஓய்வு காலத்தில் வெட்டினால், வேரின் கையிருப்பு அப்படியே இருக்க, பங்கு கேட்கும் மொட்டுகள் குறைகின்றன. மிஞ்சிய மொட்டுகள் முரட்டுத்தனமாக வளரும். அடங்காமல் வளரும் மரத்தைக் கோடையில் வெட்டினால் இலையும் போவதால் வேகம் தணியும். நலிந்த மரத்துக்கு அதே கோடைக் கவாத்து கெடுதல். பூ முடிந்த பள்ளத்தில் பெரிய வெட்டு யாருக்கும் வேண்டாம். மாவில் அறுவடை முடிந்த கையோடு வெட்டுவது நல்லது; புதுக் கொழுந்து முற்ற நேரம் கிடைக்கும்.

படி 8: பூக்கவைக்கும் உத்திகளை, கையிருப்பைப் பார்த்த பிறகே

1918-இல் கிராஸ், கிரேபில் இருவரும் தக்காளியில் செய்த ஆய்வுக்குப் பிறகு, கார்போஹைட்ரேட்டுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம்தான் பூவைத் தீர்மானிக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. மாவில் குளிர்ந்த இரவுகளோ, வெப்ப மண்டலத்தில் கிளையின் வயதோதான் பூவுக்கான சைகையைத் தருகின்றன. கையிருப்பு நிறைந்திருப்பதால் மட்டும் பூ வந்துவிடாது. ஆனால் சைகை வந்து கையிருப்பு இல்லாவிட்டால் வந்த பூ நிற்காது.

மா மரத்தைப் பூக்கவைக்க, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தோட்டக்கலை விஞ்ஞானி ரமோன் பார்பா அறிமுகப்படுத்திய பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு முற்றிய கிளையில்தான் வேலை செய்யும். பாக்லோபுட்ரசால் என்ற வளர்ச்சி அடக்கும் மருந்து ஜிப்பரெல்லின் உற்பத்தியைத் தடுத்துக் கொழுந்தை அடக்குகிறது. சேமிப்பு கூடுவது அதன் பின்விளைவு. மண்ணில் நெடுநாள் தங்கும் மருந்து இது. நலிந்த மரத்துக்கு ஊற்றிப் பூக்கவைத்தால் அது மேலும் நலியும்.

பட்டையை வளையமாக உரிப்பது பழைய உத்தி. சில மில்லிமீட்டர் அகலத்தில், கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் எடுத்தால் சர்க்கரை கீழே இறங்காமல் மேலேயே தங்கும். விதையில்லாத் திராட்சையில் காய் பெருக்கவும், எலுமிச்சைக் குடும்பத்தில் காய்ப்பிடிப்புக்கும் இதைச் செய்கிறார்கள். காயம் ஆறும் வரை வேருக்குச் சாப்பாடு இல்லை என்பதை மறக்காதீர்கள். வேர்ச் சோதனையில் மதிப்பெண் 2-க்குக் கீழே இருந்தால் கத்தியை எடுக்க வேண்டாம்.

படி 9: அமோகக் காய்ப்பு வருடத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்

முர்காட் என்ற மாண்டரின் வகையில், அளவு மீறிக் காய்த்த மரங்கள் வேரின் மாவுச்சத்து தீர்ந்து செத்தே போகின்றன. பிஸ்தாவில் பருப்பு நிறையும் கோடையில், அதே கிளையிலிருக்கும் அடுத்த வருடப் பூமொட்டுகள் கொட்டிவிடும். எல்லா மரமும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஒரு வருடம் ஓய்ந்துவிட்டு மறு வருடம் காய்க்கும்.

காய்ப்பு அதிகமான வருடத்தில் பிஞ்சைத் தாராளமாகக் கழியுங்கள், முற்றியதும் தாமதிக்காமல் பறியுங்கள், படி 6-ஐ இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள். ஓய்ந்த வருடத்திலோ பிரச்சினை எதிர்த்திசையில்: கையிருப்பு வழிய வழிய இருப்பதால் அடுத்த முறை அளவுக்கு மீறிப் பூக்கும். அந்த ஓய்வு காலக் கவாத்தில் காய்க்கும் கிளைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிடலாம். எவ்வளவு என்பதற்கு இலையுதிர் காலத்து அயோடின் மதிப்பெண்ணையும் அந்த வருட விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு முழுச் சுற்று, அதாவது நான்கு வருடக் குறிப்பு சேர்ந்தால், எந்த மதிப்பெண்ணுக்கு உங்கள் மரம் எவ்வளவு பூக்கும் என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.